ஹார்லெம் தர்மகர்த்தாக்கள்

லெய்டன் என்ற பெயர் நம்மவர்களில் பலருக்குச் செப்பேட்டினால் தெரியும். ராஜராஜ சோழன் நாகப்பட்டினத்துப் பௌத்த விஹாரத்துக்கு ஆனைமங்கலத்தை விட்டுக் கொடுத்த சாசனம் கடல் தாண்டிப் போய், அந்த டச்சு ஊரின் பெயரையே தன் பெயராக வாங்கிக்கொண்டுவிட்டது. எனக்கு லெய்டன் என்றால் வேறு ஞாபகம். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதன் ஒருவன் நாற்பது வருஷமாக அங்கே குடியிருக்கிறான். வா, வா என்று எழுதிக்கொண்டே இருந்தான். ஒரு வழியாக ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினேன். திங்கட்கிழமை காலையில் கிளம்பியாக வேண்டும்.

"இரண்டே நாளில் உன் தேசத்தில் என்ன பார்க்க முடியும்?" என்று கேட்டேன்.

"நம்ம ஜில்லா தூரத்துக்குள்ளே நாலு ஊர் இருக்கு. காலையில் போனால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்" என்றான்.

அதில் மிகை இல்லை. லெய்டனிலிருந்து தெற்கே இருபது நிமிஷம் ரயிலில் போனால் டெல்ஃப்ட். வடக்கே இருபது நிமிஷம் போனால் ஹார்லெம். மேடு பள்ளமே இல்லாத பூமி. வாய்க்காலும் புல்லும் மாடுகளும் அடியில் ஒரு கோடு மாதிரிக் கிடக்க, மேலே முழுக்க வானம். டச்சு ஓவியர்கள் படத்தில் பாதிக்கு மேல் வானத்துக்கே கொடுத்துவிடுகிறார்களே, இது என்ன தாராளம் என்று நினைத்திருக்கிறேன். ரயில் ஜன்னல் வழியே பார்த்தபோதுதான் அது தாராளம் இல்லை, கணக்கு என்று புரிந்தது.

வெள்ளிக்கிழமை இரவு வாய்க்கால் ஓரமாக நடந்தோம். அந்த ஊரில் பல வீடுகளில் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. விளக்கு எரிகிறது, உள்ளே ஒருவர் புஸ்தகம் படிக்கிறார், ஒரு கிழவி தட்டு கழுவுகிறாள். நான் நின்று நின்று பார்த்தேன். நண்பனின் மனைவி, "அண்ணா, அப்படி நின்னு பார்க்கப்படாது. இங்கே ஜன்னல் திறந்துதான் இருக்கும், ஆனால் யாரும் உள்ளே பார்க்கமாட்டா" என்று மெல்லச் சொன்னாள். நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிடக் கொடுமையான சட்டம் இருக்க முடியாது.

சனிக்கிழமை டெல்ஃப்ட். வெர்மீர் 1632ல் பிறந்து 1675ல் செத்துப்போன ஊர். அவருடைய அசல் படம் ஒன்றுகூட அந்த ஊரில் இல்லை. சாய்ந்த கோபுரமுள்ள பழைய மாதா கோயிலில் அவரைப் புதைத்தார்கள். தரையில் பெயர் பொறித்த கல் இருக்கிறது. 'சிறு தெரு' என்ற படத்தில் வரும் வீடு எது என்று வெகுகாலம் தேடிக்கொண்டிருந்தார்கள். 2015ல் ஒரு பேராசிரியர் பதினேழாம் நூற்றாண்டுக் கால்வாய் வரி ஏட்டைப் புரட்டி, ஃப்ளாமிங் தெரு 40, 42 என்று கதவு எண்ணே சொல்லிவிட்டார். வெர்மீரின் அத்தை அங்கே இருந்தாளாம். ஆட்டுக்குடல் விற்றுப் பிழைத்தாளாம். நாங்களும் போய்ப் பார்த்தோம். பழைய வீடு இல்லை, வேறு வீடு. சைக்கிளில் வந்த ஒரு பையன் மணி அடித்து எங்களை ஒதுங்கச் சொன்னான். அவ்வளவுதான். அத்தையின் விலாசம் கிடைத்ததனால் அந்தப் படத்துச் செங்கல் சுவர் எனக்கு ஒரு மயிரிழைகூடக் கூடுதலாகத் தெரியவில்லை.

மத்தியானம் ஹேக் நகரத்துக்குப் போய், மௌரிட்ஸ்ஹௌஸில் 'டெல்ஃப்ட் காட்சி'யின் எதிரே உட்கார்ந்தோம். பிரெஞ்சு நாவலாசிரியர் ப்ரூஸ்ட், தம் கதையில் ஒரு எழுத்தாளனை இந்தப் படத்தின் மஞ்சள் சுவரைப் பார்த்தபடியே சாகவிடுகிறார். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. 1654ல் டெல்ஃப்டில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஊரின் வடகிழக்குப் பகுதி தரைமட்டமாயிற்று. ஃபப்ரீட்டியுஸ் என்ற நல்ல ஓவியர் அதில் மாண்டார். ஆறேழு வருஷம் கழித்து வெர்மீர் இந்தப் படத்தை வரைகிறார். இடிபாட்டின் சுவடே இல்லை. மேகத்துக்குப் பின்னால் வெயில், தண்ணீரில் நிழல், கரையில் பேசிக்கொண்டு நிற்கிற ஜனங்கள். மறைத்தாரா? இல்லை. அவர் பார்த்தது தெற்கிலிருந்து. அங்கிருந்து என்ன தெரியுமோ அதை வரைந்தார். வெர்மீரைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம். அதனாலேயே அவர் படங்களை வம்பு இல்லாமல் பார்க்க முடிகிறது என்று நண்பனிடம் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாளைக்கு வைத்துக்கொண்டான் என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஹார்லெம். அங்கே வம்புக்குக் குறைவே இல்லை.

ஃப்ரான்ஸ் ஹால்ஸ் ஆண்ட்வெர்ப்பில் பிறந்தவர். அந்த ஊர் 1585ல் ஸ்பானியர் வசமான பிறகு வடக்கே ஓடிவந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. எண்பது வயசுக்கு மேல் வாழ்ந்து 1666ல் ஹார்லெமில் இறந்தார். நடுவில் நல்ல பெயர், நிறைய குழந்தைகள், ஓயாத கடன். 1650களில் ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்காக மூன்று மெத்தை, தலையணைகள், ஒரு அலமாரி, ஒரு மேஜை, ஐந்து படம் எல்லாம் கைமாறின. (வெர்மீர் செத்த மறுவருஷம் அவர் மனைவியும் 617 கில்டர் பாக்கிக்கு இரண்டு படங்களை ஒரு ரொட்டிக்கடைக்காரரிடம்தான் கொடுத்தாள். டச்சு ஓவிய சரித்திரத்தை ரொட்டிக்கடைக்காரர்கள் எழுதியிருந்தால் இன்னும் சுவாரஸ்யமாக இருந்திருக்கும்.) 1664ல் ஹார்லெம் நகர சபை கிழவருக்கு மூன்று வண்டி கரிமண் கட்டி, அதாவது சதுப்பில் வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கிற கட்டி, கொடுத்தது, வருஷத்துக்கு 200 கில்டர் உபகாரச் சம்பளமும் விதித்தது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அந்த ஊர் முதியோர் இல்லத்துத் தர்மகர்த்தாக்கள் ஐந்து பேரை ஒரு படமாகவும், அதன் பெண் தர்மகர்த்தாக்கள் நாலு பேரை இன்னொரு படமாகவும் அவர் வரைந்தார்.

அந்த முதியோர் இல்லமே இப்போது ஹால்ஸ் மியூஸியம். 1609ல் ஆரம்பித்த தர்ம ஸ்தாபனம். ஒரு முற்றம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகள், வீட்டுக்கு இரண்டு கிழவர்கள். அதில் சேர நிபந்தனைகள் உண்டு. அறுபது வயசு ஆகியிருக்க வேண்டும். யோக்கியனாக இருக்க வேண்டும். வரும்போதே ஒரு கட்டில், மெத்தை வைத்த ஒரு நாற்காலி, ஒரு மூத்திரச் சட்டி, மூன்று கம்பளி, ஆறு சட்டை, ஆறு இராக்குல்லாய் கொண்டுவர வேண்டும். கோடையில் எட்டு மணிக்கும் குளிர்காலத்தில் ஏழு மணிக்கும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். வாரம் ஒருமுறை உண்டியல் எடுத்துக்கொண்டு ஊரில் வசூலுக்குப் போய்வர வேண்டும்.

இந்த உண்டியலைப் பற்றிப் படித்த மாத்திரத்தில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

படங்கள் பெரியவை, இரண்டரை மீட்டர் அகலம். முதலில் தெரிவது கறுப்பு. கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, கறுப்புப் பின்னணி. ஹால்ஸிடம் இருபத்தேழு விதமான கறுப்பு உண்டு என்ற பொருளில் வான்கோ தம் தம்பிக்கு 1885ல் எழுதினார். நான் எண்ணவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் நின்றால் கறுப்புக்குள்ளே துணி மடிப்பும், தேய்ந்த இடமும், மினுக்குகிற இடமும் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. அதற்கப்புறம் வெள்ளை: காலர், மணிக்கட்டு, கடைசியில் முகங்கள். கிட்டே போனால் கை, கையாகவே இல்லை, நாலைந்து இழுப்பு. பத்தடி பின்வாங்கினால் அது எலும்பும் தோலுமாக ஒரு கிழவியின் கை. எண்பது வயசுக்காரர், கை நடுங்கியிருக்கும், அதனால் இப்படி என்று சொன்னவர்கள் உண்டு. நடுங்குகிற கைக்கு இந்த நிச்சயம் வராது. வேண்டாத கோடு ஒன்று இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும் தைரியம் இளமையில் யாருக்கும் வருவதில்லை.

ஆண்கள் படத்தில் ஒருவர் இருக்கிறார். தொப்பி சாய்ந்திருக்கிறது. முகம் தளர்ந்து, கண் இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் எங்கேயோ பார்க்கிறது. இவர் குடித்திருக்கிறார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதிலிருந்து கதை வளர்ந்தது: பிச்சைக்காசு கொடுத்தவர்களைக் கிழவர் வர்ணத்தாலேயே பழிவாங்கிவிட்டார், அவரும் அந்த இல்லத்தில் இருந்து கஷ்டப்பட்டவர். இந்தக் கதையில் பாதி பொய். ஹால்ஸ் அந்த இல்லத்தில் இருந்ததே இல்லை. அவருக்குப் பணம் கொடுத்தது நகர சபை. இந்த ஐந்து பேர் இல்லை. அவர் குடிகாரர் என்பதும், செத்து ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து 1718ல் ஹௌப்ராக்கன் என்பவர் அச்சேற்றிப் பரப்பிய வதந்தி.

இந்த இரண்டு படங்களை வைத்து நடந்த சண்டை பிரசித்தம். ஹால்ஸைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி நூல் எழுதிய ஸீமோர் ஸ்லைவ், படத்தில் வன்மம் இருப்பதற்கு ஆதாரமில்லை என்றார். தொப்பியைச் சாய்த்து வைப்பது அந்தக் காலத்து மோஸ்தர், முகம் தளர்ந்திருப்பது வாத நோயாக இருக்கலாம், குடிகாரனாக வரைந்திருந்தால் கமிட்டியார் படத்தை ஏற்றிருக்கவே மாட்டார்கள் என்பது அவர் கட்சி. ஜான் பெர்ஜர் 1972ல் அவரைப் பிடித்துக்கொண்டார். பெர்ஜரும் பழிவாங்கினார் என்று சொல்லவில்லை. அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தர்மத்தில் பிழைக்கிற ஒரு ஏழை, தர்மம் செய்கிறவர்களை எதிரே உட்கார வைத்து, நடுநிலை தவறாமல் பார்க்க முயல்கிறான். படத்தின் நாடகமே அதுதான். அதை விட்டுவிட்டு வர்ண இசைவு, அமைப்பு ஒழுங்கு என்று பேசுவது கண்ணில் மண் போடுவது என்றார்.

நான் பெர்ஜர் கட்சியோடு போனேன். பெர்ஜரையும் தாண்டிப் போனேன் என்று சொல்ல வேண்டும். பெண்கள் படத்தின் எதிரே நின்றுகொண்டு, "பாரடா, அந்தக் கையை விரித்துக்கொண்டிருக்கிறாளே, கொடுக்கிற கையா அது? வாங்கிக் கணக்குப் பார்க்கிற கை. கிழவன் தீர்த்துவிட்டான்!" என்று உற்சாகமாகச் சொன்னேன்.

நண்பன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்த ஓரத்திலே நிற்கிறாளே, வேலைக்காரி, அவளைப் பார்த்தியா?" என்றான்.

பார்த்தேன்.

"நம்ம விடுதி போட்டோ மாதிரியே இல்லை?"

இங்கேதான் உண்டியலுக்கு வர வேண்டும். நானும் அவனும் ஒரு இலவச மாணவர் விடுதியில் இருந்து படித்தவர்கள். ஊரில் பெரிய மனிதர்கள் ஐந்தாறு பேர் கமிட்டியாக இருந்து நடத்தியது. சாப்பாட்டுக் கூடத்தில் கமிட்டியார் போட்டோ மாட்டியிருக்கும். நாற்காலியில் வரிசையாக அவர்கள். ஓரத்தில் நின்றபடி சமையல்காரர். ஞாயிற்றுக்கிழமை தோறும் பையன்கள் இரண்டிரண்டு பேராகக் கடைத்தெருவில் உண்டியல் எடுத்துப் போவோம். திரும்பி வந்ததும் காரியதரிசி சில்லறையைக் கொட்டி எண்ணுவார். ஒரு தடவை எண்ணிவிட்டு, எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி எண்ணுவார். அந்த இரண்டாவது தடவை எண்ணுவதை நான் என்னுடைய இரண்டாவது நாவலில் எழுதியிருக்கிறேன். விரலை நாக்கில் தொட்டுக்கொள்வதையும், காசு காசாக நகர்த்துவதையும் மூன்று பக்கம் எழுதினேன். அந்த அத்தியாயத்தைப் பாராட்டித்தான் எனக்கு இன்றைக்கும் கடிதம் வருகிறது. நண்பனும் அந்த நாவலைப் படித்தவன். நாற்பது வருஷத்தில் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"நீ சொல்றது சரி. கிழவன் தீர்த்துக்கொண்டான்னே வச்சுக்கோ. அப்போ அந்த வேலைக்காரிக்கும் அதே கவனம் ஏன் கொடுத்தான்? அவள் அவனுக்கு என்ன கெடுதல் பண்ணினாள்?" என்றான் அவன்.

விமரிசகர்கள் யாரும் கேட்காத கேள்வி என்று சொல்லமாட்டேன். நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி. மறுபடி போய் நின்று பார்த்தேன். அவள் முகமும் அதே வயோதிகக் கைக்கு அகப்பட்ட முகம்தான். எஜமானிகளுக்கு இருக்கிற நிறமும் இழுப்பும் அவளுக்கும் இருக்கின்றன. அதன் பிறகு அந்த விரித்த கையைத் திரும்பப் பார்த்தேன். கொடுக்கிற கை, வாங்குகிற கை என்று நான் சொன்னதெல்லாம் அதில் இல்லை. ஒரு கிழவியின் கை விரிந்திருக்கிறது. தோல் வற்றியிருக்கிறது. இதைக் கோபத்தோடு வரைந்திருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. காரணம், கோபக்காரனுக்குத் தேவையானது சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். ஹால்ஸ் எந்த இடத்திலும் நிறுத்தவில்லை.

அப்படியானால் ஸ்லைவ் ஜெயித்தாரா? அதுவும் இல்லை. தொப்பி மோஸ்தர், முகம் வாதம் என்று சொல்லி ஆளை வைத்தியரிடம் ஒப்படைத்துவிடுகிறார் அவர். கமிட்டியார் படத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை அவர் நல்ல சர்ட்டிபிகேட்டாக எடுத்துக்கொள்கிறார். எனக்கு அதுதான் பயங்கரமாக இருந்தது. அந்த ஒன்பது பேரும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டு, 'ஆமாம், நாம்தான்' என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தளர்ந்த முகத்துக்காரரும் பார்த்திருப்பார். திட்டியிருந்தால் கிழித்திருக்கலாம், புகழ்ந்திருந்தால் மறந்திருக்கலாம். இது இரண்டும் இல்லை. பெர்ஜர் சொன்ன அந்த 'முயற்சி' என்ற சொல்லைத்தான் நான் அவசரத்தில் தவறவிட்டிருந்தேன். ஏழை, பணக்காரனை நடுநிலையோடு பார்க்க முயல்கிறான். அந்த முயற்சிக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்பது உண்டியல் தூக்கினவனுக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும்.

மியூஸியத்தை விட்டு வந்து, சந்தைச் சதுக்கத்துப் பெரிய மாதா கோயிலுக்குள் கொஞ்சம் உட்கார்ந்தோம். ஹால்ஸை அங்கேதான் புதைத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஸ்டேஷனுக்கு ஓடினோம்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்ததும் நானே ஆரம்பித்தேன். "அந்த அத்தியாயம் உனக்குப் பிடிக்கலை, இல்லையா?"

"பிடிக்காமல் என்ன. அவர் இரண்டு தடவை எண்ணினது நிஜம்தானே. என்னையும் ஒருநாள் சந்தேகப்பட்டு நிற்க வச்சார். அதை நான் மறக்கலை." கண்ணாடியைக் கழற்றி மழைத்தண்ணீரைத் துடைத்தான். "ஆனால் அவர் மூக்குக்கண்ணாடி ஞாபகம் இருக்கா உனக்கு?"

ஞாபகம் இருந்தது. அவன் கேட்டு முடிக்கு முன்பே இருந்தது. ஒரு பக்கத்துக் கம்பி முறிந்து கறுப்பு நூல் கட்டியிருக்கும். ஒரு வருஷம் முழுக்க அப்படியே போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கண்ணாடிச் சில்லு விரிசல் விட்டிருந்தது. காலணாவுக்கும் அரையணாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் விரலால் தடவிப் பார்ப்பார். விரலைத் தொட்டுக்கொண்டதை எழுதினேன், நூலை எழுதவில்லை. நினைவில் இல்லாததால் விட்டதில்லை. எழுதும்போது அது முன்னால் வந்து நின்றதும், காட்சியைக் கெடுக்கிறது என்று நான் ஒதுக்கினதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

"மறுபதிப்பு வரப்போறதுன்னு எழுதியிருந்தியே" என்றான்.

"ஆமாம். அச்சுத் தாள் வந்திருக்கு. திருத்திக் கொடுக்கணும்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை நின்று, புல்வெளி மேல் ஒரு இடத்தில் மட்டும் வெயில் விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மிளகு ரசத்தின் வாசனை வாசல் வரை வந்தது. "எல்லாப் படமும் பார்த்தாச்சா, அண்ணா?" என்று கேட்டாள் அவன் மனைவி.

"இரண்டு பார்த்தோம்" என்றான் நண்பன், எனக்குத் துண்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே.